காசு கொடுத்து வேர்ப்பது

ஒட்டகத்தின் பெயர் கொண்ட ஆசனத்தில்தான் எனக்குக் கண் இருட்டியது. மண்டியிட்டு, முதுகைப் பின்னால் வளைத்து, இரண்டு கைகளாலும் குதிகால்களைப் பிடிக்க வேண்டும். உஷ்ட்ராசனம். சென்னையில் நான் வேலை பார்க்கும் கல்லூரிக்குப் பக்கத்தில் நடந்த ஒரு ஹாட் யோகா வகுப்பு அது. அறையின் வெப்பம் 40 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம், நேரம் 90 நிமிடம் என்று வாசலிலேயே எழுதி வைத்திருந்தார்கள். ஏப்ரல் மாதச் சென்னையில் இதற்கு ஏன் ஹீட்டர் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அறிமுகச் சலுகையில் பணம் கட்டியிருந்தேன்.

பாய்க்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டில் இருந்தது. எனக்குத் தாகமும் இருந்தது. இரண்டுக்கும் நடுவே பயிற்சியாளரின் குரல் இருந்தது. "தண்ணி குடிக்கணும்னு கேக்கிறது உங்க உடம்பு இல்ல, மனசு. அதைச் சும்மா கவனிங்க. ரூமை விட்டு வெளிய போகாம இருந்தாலே இன்னைக்கு நீங்க ஜெயிச்ச மாதிரி." நான் கவனித்தேன். பக்கத்துப் பாயில் இருந்த இளம்பெண் இரண்டு முறை உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். நான் ஒருமுறைகூடக் குடிக்கவில்லை. முந்தைய வகுப்பு முடிந்தபோது, "இந்த வயசுல உங்களுக்கு நல்ல ஸ்டாமினா மேடம்" என்று பாராட்டு வாங்கியிருந்தேன். அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

அறைக்கு வெளியே யாரோ என் தலையைத் தாங்கிப் பிடித்திருந்ததும், ஈரத் துண்டு ஒன்று கழுத்தில் விழுந்ததும் நினைவிருக்கிறது. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. இரவு அருப்புக்கோட்டைக்குப் போன் செய்து அம்மாவிடம் சொன்னேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "ஏத்தா, காசு குடுத்தா வேர்க்கப் போன?" என்றாள்.

சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி பல நாள் கூடவே வந்தது. தாகத்தைத் தள்ளிப் போடும் வித்தையில் நான் ஏன் இவ்வளவு கெட்டிக்காரியாக இருக்கிறேன்? இதை யோகா கூடம் எனக்குக் கற்றுத்தரவில்லை. ஏற்கெனவே கற்றுக்கொண்டுதான் அங்கே போயிருக்கிறேன்.

எங்கள் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கு என்று இருந்த கழிப்பறைக்குக் கதவு இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. பின்னாளில் கதவும் போனது. ஆகவே காலையில் வீட்டில் அரை டம்ளர், சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஒரு சொம்பு. நடுவில் ஒன்றும் கிடையாது. தீட்டு நாட்களில் அந்த அரை டம்ளரும் இல்லை. வகுப்பில் யாருக்காவது நீர்க்கடுப்பு வந்தால் 'சூடு பிடிச்சிருச்சு' என்பார்கள். தொப்புளில் விளக்கெண்ணெய் தடவுவார்கள். வெயில்தான் குற்றவாளி. கரிசல் காட்டு வெயில் எல்லாக் குற்றத்தையும் வாங்கிக்கொள்ளும், மறுத்துப் பேசாது. தாழ்ப்பாள் போடாதவர்களைப் பற்றி யாரும் பேசியதில்லை. தண்ணீர் கேட்காத பெண்ணை 'அடக்கமான பிள்ளை' என்றார்கள். அந்தச் சொல்லை இப்போது யோசித்துப் பார்த்தால், சிறுநீரை அடக்கியதற்கும் அது பொருந்துகிறது.

அம்மா அருப்புக்கோட்டையில் ஒரு நூற்பாலையில் கோன் வைண்டிங் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தாள். பஞ்சு இழைக்கு வறட்சி ஆகாது. காற்று காய்ந்தால் நூல் விறைத்து அறும், பஞ்சு பறக்கும், இழைகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நிற்கும். அதனால் நூற்பாலைக்குள் காற்றை ஈரமாக வைத்திருப்பார்கள். பிரிவுக்குப் பிரிவு அளவு மாறினாலும் பெரும்பாலும் ஈரப்பதம் 50 முதல் 65 சதவீதத்துக்குள் இருக்கும். இயந்திரங்களின் சூடு வேறு. ஹாட் யோகா அறையின் வாசலில் எழுதியிருந்த எண்ணை அம்மாவிடம் படித்துக் காட்டியிருந்தால், "அம்புட்டுத்தானா?" என்றிருப்பாள்.

ஈரப்பதத்தை அளக்க மில் சுவரில் ஒரு கருவி மாட்டியிருக்கும். இரண்டு வெப்பமானிகள் அடுத்தடுத்து. ஒன்றின் அடிக்குமிழைச் சுற்றி ஒரு துணித் திரி, திரியின் மறுமுனை தண்ணீரில். திரி காய்ந்துவிட்டால் அளவு தப்பாகிவிடும். அது காயாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருந்தார். ஒவ்வொரு ஷிப்டிலும் வந்து தண்ணீர் ஊற்றுவார், எண்ணைக் குறித்துக்கொண்டு போவார். அம்மாவுக்கும் அவளுடைய தோழிகளுக்கும் கழிப்பறைக்குப் போக ஒரு டோக்கன் இருந்தது. ஒரு வரிசைக்கு ஒரு டோக்கன். அது திரும்பி வந்தால்தான் அடுத்தவள் போகலாம். அதனால் யாரும் அதிகம் தண்ணீர் குடிப்பதில்லை. அந்த அறையில் தவறாமல் தண்ணீர் குடித்தது அந்தத் திரி ஒன்றுதான்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தை நான் மாணவிகளுக்குப் பாடம் நடத்துவதற்காகத்தான் முதலில் படித்தேன். அதன் 18-ஆம் பிரிவு குடிநீரைப் பற்றியது. தொழிலாளர்கள் எளிதில் சென்றடையும் இடங்களில் போதுமான நல்ல தண்ணீர் வைக்க வேண்டும், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடமானால் வெயில் காலத்தில் அதைக் குளிர்வித்துத் தர வேண்டும் என்றிருந்தது. அடுத்த பிரிவு கழிப்பறை பற்றியது. தொழிற்சாலையில் இருக்கும் எல்லா நேரத்திலும் தொழிலாளர்கள் பயன்படுத்தக்கூடியதாக அது இருக்க வேண்டும் என்றிருந்தது. எல்லா நேரத்திலும். அந்தச் சொல்லை நான் பென்சிலால் அடிக்கோடிட்டேன். அம்மாவின் இருபது வருடமும் அந்தச் சொல் புத்தகத்துக்குள் இருந்திருக்கிறது.

'உன் அம்மாவுக்கு வேறு வழியில்லை, நீயோ விருப்பப்பட்டுப் போனாய், இரண்டையும் எப்படி ஒப்பிடலாம்' என்று தோழி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. நான் எழுந்து போயிருக்கலாம். கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது, அதுவும் உள்பக்கமாக. டோக்கன் கிடையாது, கூலி பிடிப்பு கிடையாது. என் வியர்வையும் அம்மாவின் வியர்வையும் ஒன்றே என்று சொன்னால் அது வெறும் பசப்பு. என்னை உறுத்துவது வேறு. போகலாம் என்ற நிலையில் இருந்தும் நான் போகவில்லை. குடிக்கலாம் என்ற நிலையில் இருந்தும் குடிக்கவில்லை. 'சொந்த விருப்பம்' என்று நாம் சொல்வதன் உள்ளே எத்தனை வருடப் பழக்கம் கிடக்கிறது என்பது அன்றைக்கு விழுந்தபோதுதான் தெரிந்தது. சுதந்திரமாக இருந்தது கதவுதான். அதைத் திறக்க வேண்டிய கை எப்போதோ பழக்கப்பட்டுவிட்டது.

அந்தக் கை எங்கே போய் நிற்கும் என்பதற்கு ஹாட் யோகாவின் சொந்தக் கதையே சாட்சி. கொல்கத்தாவில் பிஷ்ணு சரண் கோஷிடம் பயின்ற பிக்ரம் சௌத்ரி 1970-களில் அமெரிக்காவுக்குப் போனார். 26 ஆசனங்கள், 2 மூச்சுப் பயிற்சிகள், சூடாக்கிய அறை என்று ஒரு முறையை உலகம் முழுக்கப் பரப்பினார். அந்த ஆசன வரிசைக்குப் பதிப்புரிமை கிடையாது என்று 2015-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது தனிக் கதை. அவர் மீது பல பெண்கள் பாலியல் குற்றச்சாட்டுகளைக் கொண்டுவந்தார்கள். அவர் மறுத்தார். அவருடைய சட்ட ஆலோசகராக இருந்த மீனாட்சி ஜாஃபா-போடன் தொடுத்த வழக்கில், 2016-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஜூரி ஏறக்குறைய 70 லட்சம் டாலர் இழப்பீடு தரச் சொன்னது. மறு ஆண்டு பிடிவாரண்டு வந்தபோது அவர் அந்த நாட்டில் இல்லை. எல்லா ஹாட் யோகா ஆசிரியர்களும் அப்படி என்று நான் சொல்லவில்லை. என் பயிற்சியாளர் நல்ல பெண், என் தலையைத் தாங்கியது அவளாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் 'அறையை விட்டுப் போகாமல் இருப்பதே வெற்றி' என்பது அந்த மரபு புதியவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம். உடம்பு 'போதும்' என்று சொல்வதை நம்பாதே என்று ஒரு பெண்ணுக்குத் தினமும் 90 நிமிடம் பழக்கினால், அவள் அந்தப் பாடத்தைப் பாயோடு சுருட்டி வைத்துவிட்டு வீட்டுக்குப் போவாளா?

வெப்பத்துக்கும் தவத்துக்கும் இருக்கும் உறவு பழையது. தவம் என்ற சொல்லே 'தபஸ்' என்பதிலிருந்து வந்தது. அதன் வேருக்குச் சுடுதல் என்று பொருள். எங்கள் பக்கத்தில் தவம் என்றால் உடனே திருச்சுழியைச் சொல்வார்கள். 1879-இல் அங்கே பிறந்த வேங்கடராமன்தான் பிறகு ரமண மகரிஷி ஆனார். 1896-இல் திருவண்ணாமலைக்குப் போய், கோயிலின் பாதாள லிங்க அறையில், பூச்சிகள் தொடையை அரித்ததுகூடத் தெரியாமல் அமர்ந்திருந்தார் என்று அவருடைய வரலாறு சொல்கிறது. சிறுமியாக இதைக் கேட்டபோது எனக்கு மெய் சிலிர்த்தது. இப்போது கேட்கும்போது கண் வேறு பக்கம் போகிறது. கணவனையும் பிள்ளைகளையும் பறிகொடுத்த எச்சம்மாள் பல பத்தாண்டுகள் அவருக்குச் சோறு சுமந்து மலையேறினார். முதலியார் பாட்டி சுமந்தார். தாய் அழகம்மாள் 1916-இல் வந்து சேர்ந்து அடுப்பு மூட்டினார். ஒருவர் உடம்பை மறக்க முடிந்தது என்றால் வேறு சிலர் அதை ஞாபகம் வைத்திருந்தார்கள் என்று அர்த்தம். ரமணர் மீது எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அவரே உடலை வதைக்கச் சொன்னவர் இல்லை, மிதமான சாத்விக உணவைத்தான் சொன்னார். என் கேள்வி எச்சம்மாளைப் பற்றியது. அந்த ஏற்றத்தில் அவருக்குத் தாகம் எடுத்திருக்குமே, அதைத் தவம் என்று யாராவது எழுதினார்களா?

திருச்சுழிப் பக்கம் இன்றைக்கும் நெருப்போடு இருப்பவள் என் சித்தி. கரிமூட்டத்தில் வேலை. சீமைக்கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மேலே இலை தழை போட்டு, மண் பூசி, தீ வைத்து நாள்கணக்கில் காவல் இருப்பார்கள். உள்ளே புகைந்துகொண்டே இருக்க வேண்டும், தீப்பிடித்து எரிந்தால் கரி சாம்பலாகிவிடும். பிறகு மூட்டத்தைப் பிரித்து, கரியை இழுத்து, தண்ணீர் தெளித்து அணைத்து, சலித்து மூட்டை கட்ட வேண்டும். இழுப்பதும் சலிப்பதும் பெரும்பாலும் பெண்கள். கரியை அணைக்கத் தண்ணீர் வண்டியில் வரும். குடிக்கத் தண்ணீர் அவரவர் வீட்டிலிருந்து பழைய எண்ணெய்க் கேனில், ஈரச் சாக்கு சுற்றி.

சித்தியிடம் நான் ஒரு விஷயம் கற்றேன். அதைப் பிறகு மருத்துவக் கட்டுரைகளிலும் படித்தேன். நம்மைக் குளிர்விப்பது வியர்வை வழிவதால் அல்ல, அது ஆவியாவதால். மில்லிலும் யோகா அறையிலும் காற்று ஈரமாக இருப்பதால் வியர்வை சொட்டி வீணாகிறது, உடம்பு குளிர்வதில்லை. திருச்சுழி வெயிலில் தோலுக்கு வந்த உடனே காய்ந்துவிடும், வேர்க்கவே இல்லை என்று தோன்றும். சித்தியின் ரவிக்கை முதுகில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்திருக்கும், அவ்வளவுதான் அடையாளம். உப்பு. கடும் வெப்பத்தில் கடுமையாக உழைக்கும் உடம்பு மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வியர்வையாக இழக்கும். அதோடு உப்பும் போகும். போனதை வெறும் தண்ணீரால் மட்டுமே ஈடுகட்டிக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் அதுவே ஆபத்தாக முடியும். சித்தி கேனில் கொண்டுபோவது நீராகாரம். ராத்திரிச் சோற்றில் ஊற்றிய தண்ணீர், கல் உப்பு, இருந்தால் கொஞ்சம் மோர். 1971-இல் வங்கதேச அகதி முகாமில் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரால் காலராவில் ஆயிரக்கணக்கானவர்களைப் பிழைக்க வைத்தார். அது வயிற்றுப்போக்குக்கான மருந்து, அளவு தப்பக்கூடாது, பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் என்றால் ஒரு லிட்டர்தான். சித்தியின் கேனை அதற்குச் சமம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அவள் கை உப்பு போடும்போது நான் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

சித்தியும் தாங்குகிறவள்தான். ஆனால் அவள் தாங்குவது வேறு மாதிரி. கோடையின் முதல் வாரம் அரை நாள்தான் வேலை, உடம்பு பழகட்டும் என்பாள். புதிய வெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும் என்று உடலியங்கியலும் சொல்கிறது. யாருக்காவது தலை சுற்றினால், கெண்டைக்கால் இழுத்தால், குமட்டினால், மற்றவர்கள் அவள் கையிலிருந்து சல்லடையை வாங்கிவிடுவார்கள். "நிழலுக்குப் போ மதினி" என்று ஒரு அதட்டல். போகாவிட்டால் திட்டு. பேச்சு குழறினால், ஆள் ஒரு மாதிரி முழித்தால் அதன் பிறகு விளையாட்டு இல்லை. புடவையைத் தளர்த்தி, மேலெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறி, வண்டி பிடிப்பார்கள். மயங்கிக் கிடப்பவள் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஒருமுறை ஊற்றிப் புரையேறி ஒருத்தி சாகக் கிடந்திருக்கிறாள். நூறு ரூபாயோ இருநூறு ரூபாயோ குறையும், போகட்டும் என்று நிறுத்துகிற அறிவு அது. என் கூடத்தில் எனக்கு இல்லாமல் போன அறிவு.

இதை அழகாக்கிச் சொல்லிவிடக் கூடாது என்ற பயமும் எனக்கு இருக்கிறது. சித்தியின் அறிவு அவளைக் காப்பாற்றும் அளவுக்கு ஒரு எல்லை உண்டு. சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனம் தமிழ்நாட்டில் 2017-இல் தொடங்கிய ஆய்வில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்தார்கள். வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற வெப்பமான இடங்களில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறப்பதும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. சித்திக்கு இரண்டு முறை 'தங்கவில்லை'. ஏன் தங்கவில்லை என்பதற்கு ஊரில் சாமிக்குத்தம் முதல் நாத்தனார் கண் வரை காரணம் சொன்னார்கள். கரிமூட்டத்தை யாரும் சொல்லவில்லை. நானும் அதுதான் காரணம் என்று சாதிக்கப் போவதில்லை. ஒருத்தியின் வாழ்க்கையை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. அந்தக் கட்டுரையை அவளிடம் படித்துக் காட்டவும் எனக்குத் தைரியம் வரவில்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். இறந்தால்.

அம்மாவோ நான் அவளுக்காகக் கோபப்படுவதை ரசிப்பதில்லை. "நாங்க என்ன அழுதுக்கிட்டா இருந்தோம்?" என்பாள். பத்து நிமிடம் இயந்திரத்தைப் பக்கத்தில் இருப்பவளிடம் ஒப்படைத்துவிட்டு, டோக்கன் இல்லாமலே போய்த் தண்ணீர் குடித்து வந்த கதைகள் அவளிடம் நிறைய. அறுந்த நூலை அவளைவிட வேகமாக முடிச்சுப் போடுகிறவர்கள் அந்தப் பிரிவில் இல்லை. அவள் தாங்கியது அவளுடைய பெருமை. அதை வெறும் கொடுமை என்று நான் பெயர் மாற்றினால், நானும் அவளிடமிருந்து எதையோ பிடுங்குகிறவளாகிறேன். ஆனால் அவள் அந்தக் கதைகளைச் சொல்லும்போது, எந்த இடத்தில் குரல் உயர்கிறது என்று கவனித்திருக்கிறேன். எட்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் நின்றதைச் சொல்லும்போது அல்ல. டோக்கன் இல்லாமல் போனதைச் சொல்லும்போது.

யோகாவை நான் விடவில்லை. இப்போது காலையில் வீட்டு மொட்டை மாடியில், வெயில் ஏறுவதற்கு முன். ஹாட் யோகாவுக்குப் போகும் மாணவிகள் என்னிடம் கேட்டால் போகாதே என்பதில்லை. அமெரிக்காவில் 2015-இல் ஒரு வகுப்பில் 20 பேரை அளந்தபோது சிலருடைய உள்ளுடல் வெப்பம் 103 ஃபாரன்ஹீட்டைத் தாண்டியிருந்ததைச் சொல்வேன். முன்னாடியே தண்ணீர் குடித்துவிட்டுப் போ, கர்ப்பம், ரத்த அழுத்த மாத்திரை, இதயக் கோளாறு என்றால் அந்த அறை வேண்டாம், சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் அன்றைக்கு லீவு போடு என்பேன். பிறகு ஒன்று கேட்பேன். நடு வகுப்பில் நீ எழுந்து வெளியே போனால் அங்கே உன்னை எப்படிப் பார்ப்பார்கள்? இதற்குப் பதில் சொல்லப் பெரும்பாலான பெண்கள் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறார்கள்.

போன மே மாதம் ஊருக்குப் போயிருந்தேன். மின்சாரம் இல்லாத மத்தியானம். அம்மா திண்ணையில் சுவரில் சாய்ந்திருந்தாள். வயதானால் தாக உணர்வு மங்கும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அவளுக்கு மங்கியது வயதாலா, வைண்டிங் பிரிவாலா என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

"தாகமா இருக்காம்மா?"

"இல்லையே."

பானையிலிருந்து ஒரு சொம்பு மொண்டு கொண்டுவந்து கையில் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வாங்கினாள். அண்ணாந்து, மூச்சு விடாமல், கடைசிச் சொட்டு வரை குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டு, காலிச் சொம்பை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள்.

"இருந்திருக்கும் போல," என்றாள்.